ஹில்டாவுக்குக் காவல்

காலையில் எழுந்ததும் செபாஸ்டியன் திரி ஸ்டவ்வைப் பற்றவைப்பான். பால் காய்வதற்குள் பல் தேய்த்துவிடுவான். பொங்குவதற்கு முன்னால் இறக்கி, ஒரு டம்ளர் காபி கலந்து மேடையில் வைப்பான். இன்னொரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்த வலை அலமாரியைத் திறப்பான். விரல்களை நனைத்து, உள்ளே கட்டியிருந்த முருங்கைக் கிளையின் மேல் உதறுவான். இலை நுனிகளில் துளிகள் நிற்கும். பச்சோந்தி ஒரு கண்ணால் துளியைப் பார்க்கும், ஒரு கண்ணால் அவனைப் பார்க்கும். பிறகு மெதுவாகத் துளியை நக்கும். அவன் அலமாரியைச் சாத்திவிட்டு வந்து காபியைக் குடிப்பான். ஆறிப்போயிருக்கும். காலி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து மனையில் போய் வெட்டுக்கிளி பிடிப்பான். வந்து, ஒவ்வொன்றாக விரலில் பிடித்து ஊட்டுவான். குளிப்பான். திருமழிசை பஸ்ஸைப் பிடிப்பான்.

செலின் செத்துப்போன பிறகு தினமும் இப்படித்தான். அவள் இருந்தபோதும் ஏறக்குறைய இப்படித்தான். காபி இரண்டு டம்ளர் இருக்கும். வெட்டுக்கிளியை அவள் பிடிப்பாள்.

அந்த வருஷங்களில் காட்டுப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் வீடுகளைவிட அளவுக்கல் நட்ட மனைகள்தான் அதிகம். மனைகளுக்கு நடுவில் வேலிகாத்தான் புதர். சாயங்காலமானால் புதருக்குள்ளிருந்து குருவிச் சத்தம் வரும். எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ பாடும். அதே பாட்டை அடுத்த வீட்டு ரேடியோவும் பாடும். நடந்துகொண்டே ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிடலாம். செலின் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவாள். வானகரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவளுக்கு மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கல்யாணமான முதல் வருஷம், ஒரு சாயங்காலம் பாட்டு முடிவதற்குள் ஓட்டமாக வந்து ஒயர் கூடையை அவன் முன்னால் வைத்தாள். டிபன் பாக்சுக்குப் பக்கத்தில் பச்சோந்தி உட்கார்ந்திருந்தது.

"இன்னா இது?"

"நம்ம ஊட்டுக்குக் குடித்தனம் வந்துகீது."

நடுரோட்டில் அது நடந்துகொண்டிருந்ததாம். நடப்பதென்றால், ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடி, பிறகு வைக்கிற நடை. மணல் லாரி ஒன்று வந்திருக்கிறது. செலின் குறுக்கே போய்க் கையை நீட்டி நிறுத்திவிட்டாள். டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினான். "கத்தாத நைனா, இது ரோட்டத் தாண்டறதுக்குள்ள உன் லோடே கரைஞ்சி பூடும்" என்று சொல்லி, அதைக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஹில்டா என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஹில்டா டீச்சர் என்று ஒருவர் இருந்தாராம். "ஒரு கண்ணு போர்டுல இருக்கும், ஒரு கண்ணு கடசி பெஞ்சுல இருக்கும். அசலா இதே மாரிதான்." செபாஸ்டியன் கெமிஸ்ட்ரி படித்தவன். திருமழிசையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில், வந்த நிறம் கேட்ட நிறம்தானா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. அவன் வீட்டுக்கு வந்து நிறம் சரியில்லை என்று மேனேஜர் கத்தியதைச் சொன்னால், செலின் ஹில்டாவைத் தூக்கிக் காட்டுவாள். "இத்த இஸ்துகினு போய் நிறுத்து. கேக்கற கலரு குடுக்கும். சம்பளம் ரெண்டு வெட்டுக்கிளி."

அது ஒரே வரிசையில் நாலு குடித்தனம் இருந்த வீடு. டிவி இருந்தது பக்கத்துப் போர்ஷன் பேபியின் வீட்டில் மட்டும். பேபியின் புருஷன் உலகநாதன் ஆட்டோ ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும்போது வரிசையே அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும். செலின் கடைசியாக வருவாள், தோளில் ஹில்டாவோடு. டிவி வெளிச்சத்தில் அது மெல்ல வெளிறும், பிறகு மஞ்சளாகும். "கலர் டிவி இல்லன்னு யாரும் கொறப்படாதீங்கபா. படத்துக்கு அங்க பாரு, கலருக்கு இங்க பாரு" என்பார் உலகநாதன். விளம்பரம் வந்தால் எல்லோரும் செலின் தோளைப் பார்ப்பார்கள். செபாஸ்டியன் சுவரில் சாய்ந்து, படத்தையும் பார்க்காமல் பச்சோந்தியையும் பார்க்காமல், அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வேலை முடிந்த கை, சாய்ந்துகொள்ளச் சுவர், எதிரே அவள். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் செய்த வேலை. குழந்தை இப்போது வேண்டாம், ஆபரேஷன் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு அவள் முறை வருவதற்குள் அந்த மாசிமாதம் மூச்சிரைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயே செத்துப்போனாள். அவன் அழவில்லை. பச்சோந்தியை வீட்டில் வைத்திருக்காதே, விட்டுவிடு என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். விட்டால் காக்கைக்குத்தான். அது கைத் தீனிக்குப் பழகிவிட்டது. எதிரே வைத்தாலொழிய நாக்கை நீட்டாது. ஆனால் அதை அவர்களிடம் விளக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஆயுதபூஜை கழிந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஹில்டா தின்பதை நிறுத்தியது.

முதலில் வெட்டுக்கிளிதான் பிடிக்கவில்லையோ என்று நினைத்தான். கரப்பான் பிடித்துக் கொடுத்தான். அதையும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தது. உடம்பு கறுத்து, மேலே மஞ்சள் புள்ளிகள் வந்திருந்தன. வயிறு இரண்டு பக்கமும் மேடு மேடாகத் துருத்திக்கொண்டிருந்தது. கிளையை விட்டு இறங்கவே இறங்காத பிராணி, அலமாரியின் அடித்தட்டில் இறங்கி, மூலைக்கு மூலை நடந்து பலகையைப் பிராண்டியது.

பேபி மாவு கொடுக்க வந்தவள் குனிந்து பார்த்தாள். நாலு பெற்றவள். பார்த்த மாத்திரத்தில் நிமிர்ந்துவிட்டாள்.

"தம்பி, இது புள்ளத்தாச்சி."

"அது தனியாத்தானேக்கா இருக்கு."

"அதான் எனக்கும் புரியல. எவனாவது ஜன்னல் பக்கம் வந்து பூட்டானோ?"

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, ஒயர் கூடையில் துணியைப் போட்டு ஹில்டாவை வைத்துக்கொண்டு பூந்தமல்லி கால்நடை மருத்துவமனைக்குப் போனான். உலகநாதன் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். வரிசையில் ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன. டாக்டர் கூடைக்குள் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இதைத் தொட்டதில்லை" என்றார். ஆனால் தொட்டார். கட்டைவிரலால் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "முட்டைதான். நெறைய இருக்கு."

"ஆண் இல்லாம எப்படி டாக்டர்?"

"கோழி போடலையா? அதுமாதிரிதான். குஞ்சு வராது, முட்டை வரும். வெளிய வந்தாகணும், உள்ளயே தங்கினா ஆபத்து. மண்ணைத் தோண்டிப் போடற ஜாதி இது. மண் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"பின்ன எங்க போடும் பாவம்? ஈர மண்ணா, ஆழமா வைங்க." கால்சியம் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். சொட்டுச் சொட்டாக வாயில் விடச் சொன்னார். "கண்ணு உள்ள போயி, பகல்லயே மூடிக்க ஆரம்பிச்சா வேப்பேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. ஆபரேஷன்தான். ஆனா இந்த ஒடம்பு அதைத் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் செபாஸ்டியன் கூடையை மூடினான். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

"இன்னா நைனா சொன்னாரு?" என்றார் உலகநாதன், ஆட்டோவை உதைத்துக்கொண்டே.

"மண்ணு வேணுமாம்."

"அவ்ளோதானே! ஊரு பூரா ஊடு கட்டறான், மண்ணுக்கா பஞ்சம்? அப்ப வளகாப்பு எப்ப வெச்சிக்கலாம்?"

செபாஸ்டியன் சிரிக்கவில்லை. உலகநாதனும் பதிலை எதிர்பார்க்கவில்லை. செலின் போனதிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

கம்பெனியிலிருந்து பழைய பெயின்ட் டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பாதியாக அறுத்து, வாடை போகும்வரை கழுவினான். வீடு கட்டுகிற இடத்தில் ஆற்று மணலும் மனையோரத்தில் செம்மண்ணும் அள்ளிவந்து கலந்து நிரப்பினான். பிடித்தால் பிடியில் நிற்கிற அளவுக்கு ஈரம் தெளித்தான். அலமாரியை ஜன்னலிலிருந்து நகர்த்தி, கதவைத் திறந்துவைத்து, கிளையிலிருந்து டிரம்முக்கு ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தான். அரைமணிக்குள் ஹில்டா குச்சி வழியே இறங்கி மண்ணுக்கு வந்துவிட்டது. முன்னங்காலால் இரண்டு தரம் பறித்தது. பேபி கைதட்டினாள். அது நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. நிறைமாதக்காரியைத் தனியாக விடமாட்டார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி கூடவே இருப்பார்கள். அரிவாள்மணையும் காயும் கொண்டுவந்து அங்கேயே நறுக்குவார்கள், அங்கேயே அரிசி பொறுக்குவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். தனியாக விட்டால் காத்து கருப்பு அண்டும் என்பார்கள். அதைவிட, தனியாக இருந்தால் பயம் அண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பேபி எத்தனையோ பேருக்கு அப்படிக் காவல் உட்கார்ந்திருக்கிறாள். செலினுக்கும் உட்கார வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது மணையை எடுத்துவந்து டிரம்முக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போயி துன்னுட்டு வா தம்பி. நா பாத்துக்கறேன்."

அலமாரிக் கம்பியில் வேப்பிலைக் கொத்து ஒன்றைச் செருகினாள். விளக்கெண்ணெயில் ஒரு சொட்டு உள்ளே விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றாள். அது ஒன்றுக்கு மட்டும் செபாஸ்டியன் கண்டிப்பாக வேண்டாம் என்றான். மற்றதெல்லாம் அவனுக்குச் சரியாகவே பட்டது. கம்பெனி லீவை நீட்டிக்கொண்டு, பேபி இல்லாத நேரத்தில் அவன் உட்கார்ந்தான். ஸ்டூலை டிரம்மை ஒட்டிப் போட்டு, முழங்காலில் கையூன்றி, கண் எடுக்காமல் பார்த்தான். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது போர்ஷனில் இருந்த நாகவல்லி முறுக்குப் பிழிய வேண்டிய மாவோடு வந்தாள். அவள் தங்கச்சி வந்தாள். தீபாவளிப் பலகாரம் பாதி அந்த அறையில்தான் நடந்தது.

"முக்கும்மா, முக்கு. வெக்கப்படாத" என்பாள் பேபி.

"அதுக்கு இன்னாக்கா வெக்கம்? ரெண்டு கண்ணாலயும் நம்மளத்தான் மொறைக்குது" என்பாள் நாகவல்லி.

"மொறைக்கட்டும். நானு என் பெரிய பையனப் பெத்தப்ப எங்க மாமியாள மொறைக்காத மொறைப்பா?"

ஹில்டா இறங்கும். நாலு பறி பறிக்கும். நிற்கும். ஒரு கண் பேபியின் பக்கம், ஒரு கண் செபாஸ்டியன் பக்கம். பிறகு ஏறிப் போய்விடும். நாளுக்கு நாள் அந்தப் பறிப்பும் குறைந்தது. மஞ்சள் புள்ளிகள் மங்கின. குச்சியில் ஏறும்போது பின்கால் நழுவியது. ஒரு மத்தியானம் அது கிளையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை செபாஸ்டியன் பார்த்தான். வெளியே நல்ல வெயில். வேப்பேரிக்கு எந்த பஸ் என்று யோசித்தான்.

அடுத்த நாள் காலை ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் வந்துவிட்டது.

தெருக்கோடியிலிருந்து யாரோ கத்தினார்கள். "கிஸ்னாயிலு ஊத்துறாங்கோ!" அவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தின கிருஷ்ணாயில். விட்டால் அடுத்த மாதம். பேபி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேனோடு ஓடினாள். நாகவல்லி மாவுக் கையோடு ஓடினாள். செபாஸ்டியன் வீட்டிலும் ஸ்டவ் புகைய ஆரம்பித்திருந்தது. அவனும் கேனை எடுத்துக்கொண்டு போனான். வரிசையில் நின்ற பிறகுதான் ரேஷன் கார்டு வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது. முன்னால் நின்ற பேபி தலையில் அடித்துக்கொண்டாள். "காலேஜ் படிச்சிகீற, கார்டு இல்லாம எவன் ஊத்துவான்? ஓடு, எடம் நா புடிச்சிக்கறேன்."

ஓடிவந்து கதவைத் தள்ளினான். கிளையில் ஹில்டா இல்லை. அலமாரியிலும் இல்லை. டிரம்மில் பார்த்தான். மண்ணில் ஒரு குழி. குழிக்குள்ளிருந்து வாலும் பின்கால்களும் மட்டும் வெளியே தெரிந்தன. பின்கால்கள் மண்ணைத் தள்ளித் தள்ளி வெளியே எறிந்தன. இத்தனை நாளில் அது இவ்வளவு வேகமாக எதையும் செய்து அவன் பார்த்ததில்லை.

ஒரு அடி எடுத்து வைத்தான்.

மண் எறிவது நின்றது. ஹில்டா பின்வாங்கி வெளியே வந்தது. முகமெல்லாம் மண். ஒரு கண் சுழன்று அவன் மேல் வந்து நின்றது. அவன் அசையாமல் நின்றான். பயனில்லை. அது குழியை விட்டு, குச்சியில் ஏறி, பாதி வழியில் களைத்துப்போய் அப்படியே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

செபாஸ்டியன் கார்டை எடுக்காமல் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மணையைப் பார்த்தான். மாவுப் பாத்திரத்தைப் பார்த்தான். இந்த அறையில் ஒரு நிமிஷமாவது யாரும் இல்லாமல் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தான்.

பேபி கிருஷ்ணாயில் கேனோடு வந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான். உள்ளே மணையும் ஸ்டூலும் இல்லை. செலினின் பழைய போர்வையை அலமாரியையும் டிரம்மையும் சேர்த்து மூடுகிற மாதிரிக் கொடியில் தொங்கவிட்டிருந்தான். குழிக்கு மறுபடி தண்ணீர் தெளித்து, ஹில்டாவைக் கையால் எடுத்து மண்ணின் மேல் விட்டிருந்தான். கையில் பூட்டு இருந்தது.

"எங்க கெளம்பிட்ட?"

"சும்மா வெளியேக்கா. நீங்களும் வீட்டுக்குப் போங்க. உள்ள யாரும் வேணாம்."

"இன்னா பேசற நீ? அது கண்ணு சொருகிகினு கீது. இப்பப் போயி தனியா உடுவாங்களா?"

"நாம பார்க்கறதாலதான் போட மாட்டேங்குது."

"யாரு சொன்னா?"

"நான் பார்த்தேன்."

"நீ பாத்த! நா நாலு பெத்தவ, எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல பக்கத்துல ஆளு இல்லன்னா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமா? ஏற்கெனவே ஒரு வாட்டி அப்டித்தான் உட்டுட்டு..."

பேபி நிறுத்திக்கொண்டாள். கேனைக் கீழே வைத்தாள். வைத்த கேனை மறுபடி எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்.

செபாஸ்டியனுக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது உண்மைதான். அவன் வார்டை விட்டு வெளியே போனபோது செலின் உயிரோடு இருந்தாள். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். எட்டு மாதமாக அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது பாதி சொல்லியாகிவிட்டது. அவன் கதவைச் சாத்திப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். நடந்தான்.

மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு எங்கே போவதென்று தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து உலகநாதன் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, டூட்டி மாத்தியா? ஊட்ல யாரு காவலு?"

"யாரும் இல்ல."

உலகநாதன் அவன் முகத்தைப் பார்த்தார். வாய்வரை வந்த கிண்டலை முழுங்கினார். "ரெண்டு டீ போடு மாஸ்டர்" என்றார்.

செபாஸ்டியன் டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பூந்தமல்லி பஸ் ஒன்று போனது. போரூர் பக்கமிருந்து செங்கல் லாரிகள் வந்தன. இந்த ரோட்டில்தான் எங்கோ ஓரிடத்தில் செலின் குறுக்கே நின்று கையை நீட்டியது. எந்த இடம் என்று அவன் அவளிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருப்பாள், லாரிக்காரன் மாதிரித் திட்டிக்கூடக் காட்டியிருப்பாள். அவன் எழுந்தான்.

"குந்து" என்றார் உலகநாதன்.

உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தான். உலகநாதன் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். "குந்து மாமே. எப்டியும் ஒரு முடிவோடதான் பூட்டிகினு வந்துகீற. அதும் ஒரு முடிவெடுக்கட்டும்." டீ ஆறி, மேலே ஆடை படிந்தது. அவர் அதைக் கொட்டிவிட்டு வேறு வாங்கிக் கொடுத்தார். சவாரிக்கு ஆள் வந்தது, அவர் போகவில்லை. இன்னொரு ஆள் வந்து பேரம் பேசினான். "வண்டி ரிப்பேரு" என்றார். மேகம் மூடி, தூறி, விட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் சாப்பிடக் கிளம்பியபோது செபாஸ்டியன் மூன்றாம் முறை எழுந்தான். இந்த முறை உலகநாதனும் எழுந்தார்.

வீட்டு வாசல்படியில் பேபி உட்கார்ந்திருந்தாள். மடியில் துடைப்பம். தூறலில் தலை நனைந்திருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது.

"நீ அப்பால போனதும் நாகவல்லியும் அது தங்கச்சியும் வந்தாளுங்க. ஜன்னலாண்ட எட்டிப் பாக்கப் போனாளுங்க. துடப்பத்தாலயே ஒண்ணு வெச்சேன்." அவனைப் பார்க்காமல் சொன்னாள். "நானும் பாக்கல. மாதா மேல சத்தியமா பாக்கல. ஒரு சத்தமும் இல்ல உள்ள."

சாவி முதல் தடவை துவாரத்தில் போகவில்லை. உலகநாதன் வாங்கித் திறந்தார். அவர்கள் இருவரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

செபாஸ்டியன் போர்வையின் ஓரத்தை விலக்கினான். குழியைக் காணோம். மண் சமமாக, உள்ளங்கையால் தட்டிவிட்ட மாதிரி இறுக்கமாக மூடியிருந்தது. மேலே சின்னச் சின்னக் கால்தடங்கள். ஹில்டா குச்சியின் அடியில் பிடித்துக்கொண்டிருந்தது. தலை முதல் வால் வரை மண். வயிறு ஒட்டி, விலாவில் தோல் மடிந்து தொங்கியது. யாரோ பெரிய பையைக் காலி செய்து மடித்துவைத்தது போல இருந்தது. கண் திறந்திருந்தது.

அவன் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து விரலை நனைத்து அதன் மூக்கின் மேல் ஒரு சொட்டு விட்டான். குடித்தது. இன்னொரு சொட்டு. குடித்தது. அவன் விரல் நகரும் திசையிலெல்லாம் ஒரு கண் நகர்ந்தது. இன்னொரு கண் வாசலில் நின்ற பேபியின் மேல் இருந்தது.

"போட்டுட்ச்சா?" என்று பேபி கிசுகிசுத்தாள்.

தலையாட்டினான்.

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பச்சோந்திக்காக அவ்வளவு அழ வேண்டியதில்லை. உலகநாதன் ஆட்டோவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார். செபாஸ்டியன் ஒரு சொட்டு, ஒரு சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி" என்றாள் பேபி, மூக்கைச் சிந்திக்கொண்டு. "காலைல நா பேசனத மனசுல வெச்சிக்காத."

"இல்லக்கா."

"ஒண்ணு கேக்கட்டா? உங்க மாமியா சகாயமேரிம்மா, கடசி நேரத்துல செலினு 'இயேசு மரி சூசை'ன்னு ஜெபம் சொல்லிகினே கண்ண மூடிச்சுன்னு அல்லார்கிட்டயும் சொல்லுது. மாதா கோயில்லயும் அப்டித்தான் சொன்னாங்கோ. நெசமா?"

ஏழாம் நாள் பூசையில் சாமியார் அதைச் சொல்லும்போது செபாஸ்டியன் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். செலின் கண் மூடியபோது மாமியார் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்திருக்கவில்லை. அவளுக்கு ஒரு ஆறுதல் வேண்டியிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். கேட்டவர்களிடமெல்லாம் தலையாட்டினான். அதனால் நிஜத்தை எடுத்துப் பார்க்கவும் இத்தனை நாள் அவசியம் இல்லாமல் போனது. செலினுக்கு மூச்சு அன்று கொஞ்சம் தேவலையாக இருந்தது. அவன் கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, முழங்காலில் கையூன்றி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அப்படிச் சொல்லலக்கா" என்றான்.

"பின்ன இன்னா சொல்லிச்சு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். சொல்ல ஆரம்பித்தபோது குரல் அவன் குரலாக இல்லை. எட்டு மாதம் கழித்து முதல் தடவையாக அது உடைந்திருந்தது. ஆனால் சொற்களை ஒன்று விடாமல், அவள் சொன்னபடியே சொன்னான்.

"எய்ந்து போயேன்யா. கீழ போயி ஒரு டீ குட்ச்சிட்டு வா. எதிர்லயே குந்திகினு மூஞ்சியப் பாத்துகினு இருந்தா, ஒரு மனுசி எப்டித்தான் தூங்கறது?"